பவர் விண்டோ திணறுகிறதா? துடைப்பதா, ஸ்விட்சைப் பார்ப்பதா, மிஷினையே மாற்றுவதா

கடலூர், புதுச்சேரி பக்கம் ஐந்தாறு வருடம் ஓடிய கார்களில் பவர் விண்டோ தொல்லை சகஜம். ஒரு கண்ணாடி பாதி தூரம் ஏறி முக்கும். இன்னொன்று இறங்கும், ஏறாது. பின் கதவுக் கண்ணாடியை யாரும் தொடவே மாட்டார்கள். இறக்கினால் திரும்ப ஏறுமோ ஏறாதோ என்ற பயம். கடையில் போய்ச் சொன்னால், கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே "மிஷின் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று பதில் வரும். மாற்றினால் கண்ணாடி விறுவிறுவென்று ஏறவும் செய்யும். புது மோட்டாருக்குப் பலம் அதிகம், காய்ந்த ரப்பரையும் மண்ணையும் மீறி இழுத்துவிடும். பழைய மோட்டாரைத் திணறடித்த காரணம் மட்டும் கதவுக்குள்ளேயே இருக்கும். கொஞ்ச நாளில் புதியதும் முக்கத் தொடங்கும்.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை ஏதோ பிடித்து இழுக்கிறதா, இல்லை மோட்டாருக்குக் கரன்ட் சரியாகப் போய்ச் சேரவில்லையா என்று பிரித்துத் தெரிந்துகொள்ளும் வரை எந்தப் பார்ட்டும் வாங்கக் கூடாது. கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலைத் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடிப்பது யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலில் செய்யக்கூடியது. ஸ்விட்சைச் சுத்தம் செய்வது கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு. மோட்டாரோடு சேர்ந்து கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரைக் கழற்றுவது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்கும் ரிலே கிட் பக்கம் போகவே வேண்டாம்.

நம் கடற்கரையில் இந்தப் பழுதுக்கு இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒன்று மண். ஈசிஆரில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனால் நைசான மணல் வந்து சேரும். கேப்பர் மலைப் பக்கம், பண்ருட்டி சாலைப் பக்கம் என்றால் செம்மண் புழுதி. கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் சேனலின் உட்புறம் வெல்வெட் மாதிரி மெல்லிய பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு இந்தத் தூளையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது கூட்டாளி உப்புக் காற்று. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பதால் ஸ்விட்சிலும் கனெக்டரிலும் உள்ள செம்பு, பித்தளைப் பாகங்கள் பச்சைக் களிம்பு பூத்துவிடும். இதற்கு மேல் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்று கதவு வரை தண்ணீரில் நின்ற வண்டிகளில் பவர் விண்டோ மோட்டார் மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கருவி இல்லாமலே கண்டுபிடிக்க

கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றுவதற்கு முன்பு உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

இன்ஜினை ஆஃப் செய்து, சாவியை ஆனில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிப் பாருங்கள். அப்புறம் இன்ஜின் ஓடும்போது ஏற்றிப் பாருங்கள். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடினால் ஆல்டர்நேட்டர் அதைச் சுமார் 14 வோல்ட் வரை கொண்டுபோகும். கொஞ்சம் வேகம் கூடுவது எல்லா வண்டியிலும் இயல்பு. இன்ஜின் ஓடும்போது நன்றாக ஏறி, நிறுத்தியதும் ஊர்ந்தால் பேட்டரியையோ கரன்ட் போகும் வழியையோ சந்தேகப்படலாம். நாலு கண்ணாடியும் சேர்ந்து மெதுவானால் கதவுகளை விட்டுவிடுங்கள். பேட்டரி, எர்த், பொதுவான சப்ளை இவற்றில்தான் கோளாறு. ஒரே ஒரு கண்ணாடி மட்டும் மெதுவானால் அந்தக் கதவையும் அந்தக் கண்ணாடிக்கான ஸ்விட்சுகளையும் பார்த்தால் போதும்.

இரவில் இன்னொரு சோதனை செய்யலாம். உள்விளக்கைப் போட்டுவிட்டு, இன்ஜின் ஓடாத நிலையில் விண்டோ ஸ்விட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டார் கரன்ட் இழுக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி நகராமல் விளக்கு மட்டும் நன்றாக மங்கினால், மோட்டார் முயற்சி செய்கிறது, ஏதோ ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. விளக்கில் அசைவே இல்லை, கண்ணாடியும் நகரவில்லை என்றால் கரன்ட் அங்கே போகவே இல்லை, அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடாமல் நிற்கிறது. அப்படி நிற்கும்போது ஸ்விட்சை அழுத்திக்கொண்டே டோர் பேடில் மோட்டார் இருக்கும் இடத்தை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். சட்டென்று ஓடத் தொடங்கினால் பிரஷ்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இறங்கும்போது வேகமாகவும் ஏறும்போது மெதுவாகவும் இருந்தால் உராய்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடியின் எடை இறக்கத்துக்கு உதவும், ஏற்றத்துக்கு எதிராக நிற்கும் என்பதால் லேசான வித்தியாசம் எப்போதும் இருக்கும்; பெரிய வித்தியாசம் இருந்தால்தான் கவலை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் மின்சாரப் பக்கம் பார்வை போகட்டும். ஒரே உயரத்தில் ஒவ்வொரு முறையும் நின்றால் அந்த இடத்தில் சேனல் மடங்கியிருக்கும், அல்லது ரெகுலேட்டரின் தண்டவாளம் வளைந்திருக்கும். கடகடவென்று சத்தம் வந்து கண்ணாடி கோணலாகச் சாய்ந்தால் ரெகுலேட்டரின் கேபிள் பிரிந்துவிட்டது, அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்துவிட்டது. அந்த நிலையில் மேற்கொண்டு அழுத்தாதீர்கள்.

இன்னொன்று: மாறி மாறி ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகித் தானாக நின்றுவிடும். பல மோட்டார்களுக்குள் சூட்டைக் கண்டு கரன்ட்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு உண்டு. ஆறியதும் மறுபடி ஓடும். இதைத்தான் பலர் லூஸ் கான்டாக்ட் என்று நினைத்து ஒயரிங்கைக் கிளறுகிறார்கள். நடுவில் இடைவெளி விட்டுச் சோதியுங்கள்.

துடைத்து சிலிக்கான் அடிப்பது

செலவு சில நூறு ரூபாய். அதுவும் ஒரு ஸ்ப்ரே டப்பா நாலு கதவுக்கும் போதும், மீதியும் இருக்கும். இதைச் செய்யாமல் வேறு எதற்கும் போகக் கூடாது என்பது என் கருத்து.

கண்ணாடியை முழுவதும் இறக்குங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் பழைய வேட்டித் துணியை ஒரு சுற்று சுற்றி, ஷாம்பூ கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சேனல் பள்ளத்துக்குள் மேலிருந்து கீழாக விட்டு இழுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, மேலே கண்ணாடி போய் உட்காரும் வளைவு ஒன்று. பண்ருட்டிக்கும் கடலூருக்கும் ஓடும் வண்டியில் முதல் துணி காவி நிறத்தில் வரும். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். மூலையில் சேர்ந்த மண் ஈரம் பட்டு இறுகிக் கட்டியாகவே உதிரும். இவ்வளவு மண்ணையும் உராய்ந்துகொண்டுதான் கண்ணாடி ஏறியிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். துணி வெள்ளையாக வரும் வரை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் ஸ்ப்ரே அடிப்பதில் பயன் இல்லை.

காய்ந்ததும் டப்பாவோடு வரும் மெல்லிய குழாயைப் பொருத்தி, சேனல் நெடுக சிலிக்கானை அளவாக அடியுங்கள். கண்ணாடியைச் சில தடவை ஏற்றி இறக்குங்கள். கண்ணாடியில் படிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டு மங்கலாகத் தெரியும்.

எதை அடிக்கக் கூடாது என்பதும் முக்கியம். கிரீஸ், பழைய இன்ஜின் ஆயில், வாசலின், சாதா டபிள்யூடி-40 இவை எல்லாம் பெட்ரோலிய வகை. சேனல் ரப்பர் பொதுவாக ஈபிடிஎம் என்ற வகை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது உப்பி இளகும். முதல் வாரம் வழவழவென்று ஓடும், அப்புறம் முன்பைவிட மோசமாகப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. புழுதியை ஒட்டவைத்துப் பிசினாக்குவதுதான் அதன் வேலை. டால்கம் பவுடர் பழைய கை வைத்தியம். வறண்ட ஊரில் ஓரளவு தாங்கும், நம் கடற்கரை ஈரத்தில் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும்.

பழைய வண்டியில் ஒரு விஷயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். சன் ஃபிலிம் ஒட்டியிருந்த கண்ணாடிகள். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்ட பிறகு பலர் அவசரமாக ஃபிலிமை உரித்தார்கள். ஓரத்தில் பசை மிச்சம் இருந்தால், கண்ணாடியே சேனலில் ஒட்டிக்கொண்டு ஏறும். சேனலை எத்தனை முறை துடைத்தாலும் தீராது. கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் ஓரத்தை நகத்தால் வருடிப் பார்த்தால் பிசுபிசுப்பு தெரியும்.

இந்த வழியின் எல்லை என்ன? ரப்பர் நல்ல நிலையில் இருக்கும் வரைதான் இது பலன் தரும். உள் பூச்சு தேய்ந்து பளபளவென்று ஆகியிருந்தால், மூலையில் கிழிந்திருந்தால், சில வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். பலன் தந்தால், மழைக்கு முன் ஒரு தடவை, கோடைக்கு முன் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்விட்ச்: யாரும் பார்க்காத இடம்

என் மைத்துனர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறார். வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். அவர் வண்டியில் இடப்பக்க முன் கண்ணாடி, டிரைவர் கதவிலிருந்து அழுத்தினால் நத்தை போல ஊரும். ஒரு கடையில் மோட்டார் மாற்றச் சொல்லிவிட்டார்கள். "மச்சான், அந்தக் கதவில் இருக்கிற ஸ்விட்சை அழுத்திப் பாருங்க" என்றேன். அழுத்தினார், கண்ணாடி சர்ரென்று ஏறியது. மோட்டாரும் ரப்பரும் நன்றாக இருந்தால்தான் அப்படி ஏற முடியும். டிரைவர் பக்க மாஸ்டர் ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தபோது, அந்த ஒரு பொத்தானுக்குக் கீழே இருந்த கான்டாக்ட் கறுத்திருந்தது, ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. பக்கத்துப் பொத்தானின் கான்டாக்ட் பளிச்சென்று செம்பு நிறத்தில் இருந்தது.

பல வண்டிகளில் மற்றக் கதவுகளுக்குப் போகும் கரன்ட் மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகவும், அந்தந்தக் கதவு ஸ்விட்ச் வழியாகவும் கடந்துதான் மோட்டாரை அடைகிறது. மோட்டார் சில ஆம்பியர் இழுக்கும். கண்ணாடி சிக்கினால் இன்னும் பல மடங்கு இழுக்கும். ஒவ்வொரு அழுத்தலிலும் கான்டாக்டில் சின்னப் பொறி பறந்து கரி படியும். அந்தக் கரியும் உப்புக் களிம்பும் சேர்ந்து ஒரு வோல்ட், இரண்டு வோல்ட்டைத் தின்றுவிட்டால் மோட்டார் மந்தமாவது நிச்சயம்.

டோர் பேடைக் கழற்றிவிட்டால் மல்டிமீட்டர் இதை உறுதிப்படுத்தும். இன்ஜின் ஓட, மோட்டார் கனெக்டரின் இரண்டு ஒயருக்கும் நடுவில், கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஸ்விட்சை அழுத்தாமல் அளந்தாலோ, கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தாலோ உண்மை தெரியாது. லோடு இல்லாதபோது கெட்ட ஸ்விட்ச்கூட முழு வோல்ட் காட்டும். 12-க்கு மேல் வந்தும் கண்ணாடி ஊர்ந்தால் மோட்டார் அல்லது உராய்வு. 10-க்குக் கீழே இறங்கினால் வழியில் எங்கோ இழப்பு: ஸ்விட்ச், கனெக்டர், அல்லது கதவுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர். கதவைத் திறந்து மூடி வளைந்து வளைந்து அந்த ஒயர் உள்ளுக்குள் அறுந்து, சில இழைகள் மட்டும் மிச்சம் நிற்பதுண்டு. கதவை ஆட்டும்போது கண்ணாடி விட்டு விட்டு ஓடினால் அங்கே பாருங்கள்.

சுத்தம் செய்வதா, புதிதாக வாங்குவதா? கான்டாக்ட் கறுத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, தடித்த காகிதத்தை நடுவில் விட்டு இழுத்தால் போதும். உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்த்தால் மேல் பூச்சு போய், சீக்கிரம் மறுபடி களிம்பேறும். குழி விழுந்திருந்தால், பிளாஸ்டிக் உருகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். ஸ்விட்சைத் திறக்கும்போது பட்டாணியைவிடச் சின்ன ஸ்பிரிங்குகள் துள்ளி ஓடும். ஒரு தட்டில் வைத்துத் திறப்பது நல்லது. ஒரு முறை அழுத்தினாலே முழுவதும் ஏறும் ஆட்டோ அப் வசதி உள்ள பல வண்டிகளில் ஸ்விட்ச் வெறும் சிக்னல்தான் அனுப்பும்; கனமான கரன்ட் மோட்டாரோடு சேர்ந்த மாட்யூல் வழியாகப் போகும். அவற்றில் ஸ்விட்சைச் சுத்தம் செய்து பெரிய பலன் இல்லை.

ரிலே கிட் என்று ஒன்று விற்கிறார்கள். பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த ஒயர் இழுத்து, ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்வது. கண்ணாடி வேகமாகத்தான் ஓடும். ஆனால் வண்டியின் ஒயரிங்கை வெட்ட வேண்டும்; பியூஸ் சரியாகப் போடாவிட்டால் கதவுக்குள் தீப்பிடிக்கக்கூடிய ஒயர் ஓடும். குழந்தையின் கை சிக்கினால் கண்ணாடி தானாக இறங்கும் பாதுகாப்பு உள்ள வண்டியில் இது அந்தப் பாதுகாப்பையே குலைத்துவிடலாம். ஸ்விட்ச் கெட்டால் ஸ்விட்சை மாற்றுவதுதான் முறை.

ரப்பரா, மிஷினா

சேனல் ரப்பரை மாற்றுவதென்றால் அந்த மாடலுக்கென்று வார்த்த ஒரிஜினலை வாங்குங்கள். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் பொது ரப்பர் மலிவு. மேல் மூலையில் வளையும்போது சுருங்கி, கண்ணாடியை இன்னும் பிடிக்கும், ஈசிஆரில் வேகம் கூட்டினால் காற்றும் விசிலடிக்கும். பொருத்தும்போது இழுத்து நீட்டக் கூடாது. மூலையை முதலில் உட்கார வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் அமுக்கிக்கொண்டே வர வேண்டும்.

சரி, துடைத்தாயிற்று, வோல்ட்டும் நன்றாக வருகிறது, கண்ணாடி இன்னும் திணறுகிறது. அப்போது கண்ணாடியை ரெகுலேட்டரிலிருந்து விடுவித்துக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கண்ணாடி தாராளமாக ஓடினால், இப்போதுதான் மிஷின் குற்றவாளி என்று சொல்லலாம்.

மோட்டாரை மட்டும் மாற்றலாம், அல்லது மோட்டார், ரெகுலேட்டர் சேர்ந்த முழு செட்டை மாற்றலாம். கேபிள் வகை ரெகுலேட்டரில் என் ஓட்டு முழு செட்டுக்கு. மோட்டார் தேயும் அளவுக்குத் திணறியிருந்தால் அதன் கேபிளும் பிளாஸ்டிக் உருளைகளும் அதே பாட்டைப் பட்டிருக்கும். கழற்றும்போது கேபிள் சுருளிலிருந்து எகிறிவிட்டால் திரும்பச் சுற்றுவது பெரும் பாடு. பழைய பார்ட்ஸ் வாங்க சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பம்பர், கண்ணாடி மாதிரிப் பொருளுக்கு அது சரி. மோட்டார் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்ததா என்று வெளியே பார்த்துத் தெரியாது, அதனால் இதற்கு மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். டூப்ளிகேட் வாங்கினால் கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப் பிளாஸ்டிக்கா இரும்பா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டிலேயே மாற்றலாமா? கேபிள் வகை என்றால், கண்ணாடியை மேலே ஏற்றி அகலமான டேப்பால் கதவுச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஒட்டி நிறுத்திவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, நிதானமாகச் செய்யலாம். பழைய வண்டிகளில் வரும், கத்தரிக்கோல் போல இரும்புக் கைகள் விரிந்து மடங்கும் கத்தரி வகைக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். கண்ணாடியின் எடையைத் தாங்க அதில் முறுக்கிய ஸ்பிரிங் இருக்கும். மோட்டாரைக் கழற்றிய நொடியில் கை இரும்பு சுழன்று விரலை நசுக்கிவிடும். பல்சக்கரத்தை போல்ட் போட்டுப் பூட்டிய பிறகே கழற்ற வேண்டும். அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு கம்பெனி சர்வீஸுக்கே போங்கள்.

யார் கழற்றினாலும் டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒழுங்காக ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மழைத் தண்ணீர் கண்ணாடியோடு கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வண்டிக்குள் வராமல் காப்பது இந்த ஷீட்தான். கிழித்துப் போட்டுவிட்டால் முதல் மழையிலேயே கால்விரிப்பு நனையும். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். கதவை ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அவை அடைத்திருக்கின்றன. கேபிள் டை நுனியால் குத்திவிட்டால் கலங்கல் தண்ணீர் கொட்டும். மோட்டாரும் ரெகுலேட்டரும் அந்தத் தேங்கிய ஈரத்துக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கின்றன.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஆட்டோ அப் வேலை செய்யாவிட்டால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, மேலே போய் நின்ற பிறகும் ஸ்விட்சைச் சில நொடி இழுத்துப் பிடித்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். சரியான முறை உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

கண்ணாடி இறங்கிய நிலையில் சிக்கி, வானம் கறுத்துக்கொண்டு வந்தால்? ஒருவர் ஸ்விட்சை மேலே இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கண்ணாடியின் உள்ளும் புறமும் இரண்டு உள்ளங்கையை வைத்து அழுத்தி மேலே தூக்கட்டும். விரலை மேல் சட்டத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். மோட்டாரில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் ஏறிவிடும். ஏறியதும் டேப் போட்டு ஒட்டி, அந்தக் கதவு ஸ்விட்சை யாரும் தொடாதபடி மாஸ்டர் ஸ்விட்சில் இருக்கும் லாக் பொத்தானை அழுத்திவிடுங்கள். டிரைவர் கண்ணாடியை அந்த லாக் தடுக்காது, அதற்கு அதன் பியூஸைப் பிடுங்கி வைத்துக்கொள்ளலாம். எத்தனை கண்ணாடிக்கு அது பொதுவான பியூஸ் என்று பியூஸ் பெட்டி மூடியில் பார்த்துவிட்டுப் பிடுங்குங்கள்.